என்ர கொம்பியூட்டரிலை வேலை செய்யுது

கோண்டாவிலில், என் மேசையில்,
அது ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை.
நண்டு எத்தனை கிலோ, கணவாய் எத்தனை கிலோ,
ஐஸ் காசு கழித்து, சங்கத்துப் பங்கு கழித்து
மிச்சம் இவ்வளவென்று
தமிழில் துண்டு அடித்துத் தந்தது.

ஒரே கட்டளை.
பைதனையும் அதன் பரிவாரங்களையும்
ஒற்றைக் கோப்பாகத் திரட்டிக் கட்டினேன்.
நாற்பத்தொரு மெகாபைட்.
பென்டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு
குருநகருக்கு ஸ்கூட்டியில் போனேன்.

சங்கத்துக் கணினியில் இணையம் இல்லை, பைதன் இல்லை.
எண்டர் விசையின் ஓரத்தில்
மீன் செதிலொன்று காய்ந்து ஒட்டியிருந்தது.
எமில்டாக்கா இரண்டு தரம் தட்டினா.
"கறுப்பா ஒரு பெட்டி வந்து
கண்ணடிச்சிட்டுப் போகுது, தங்கச்சி.
ஆரைப் பாத்துக் கண்ணடிக்குது?"

எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்:
என்ர கொம்பியூட்டரிலை வேலை செய்யுது.
"அப்ப மீனை உம்மடை வீட்டை கொண்டந்து நிறுக்கட்டோ?"

கைபேசியை மெதுவோட்டத்தில் வைத்து
அந்தக் கண்ணடிப்பைப் படம் பிடித்தேன்.
பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி,
பிடித்து நிறுத்திய ஒரு நொடிச் சில்லில்
பாதி வாசகம் தெரிந்தது:
இந்தப் பெயரில் தொகுதி எதுவும் இல்லை.

நான் எழுதிய வரிகளில் எங்கும் அந்தப் பெயர் இல்லை.
நான் அழைத்த ஒன்று
தான் ஓடும்போது மட்டும்
காதோடு காதாக அழைக்கிற இன்னொன்று அது.
மூட்டை கட்டிய கருவிக்கு அந்தக் குரல் கேட்கவில்லை.
பெயரைச் சொல்லி, மறுபடி கட்டினேன்.

வெள்ளிக்கிழமை கோப்பையே காணவில்லை.
வைரஸ் காவல் பிடித்துத் தனியறையில் போட்டிருந்தது.
உள்ளே என்ன, ஏன் தன்னைத்தானே அவிழ்க்கிறாய்
என்று கேட்டிருக்கும்.
மூட்டையோடு வருகிறவரை மறித்துக் கேட்பது
இந்த ஊருக்குப் புதிதில்லை.
விலக்குப் பட்டியலில் சேர்த்து வெளியே எடுத்தேன்.

அடுத்தது எழுத்துரு.
துண்டில் நண்டு இல்லை, கணவாய் இல்லை,
வெறுஞ் சதுரங்கள் வரிசையாக நின்றன.
குருநகரில் இருந்துகொண்டு எழுத்துருவை அது
கோண்டாவிலில், என் பெயரிட்ட கோப்புறையில்
தேடிக்கொண்டிருந்தது.
என் கையால் எழுதிய முகவரி.
யாரைக் குறை சொல்ல?

செவ்வாய்க்கிழமை ஓடியது.
நூற்றுப் பன்னிரண்டு கிலோ நண்டு.
துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த யூட்தாசன்
தன் பெயரில் ஒற்று விடுபட்டதென்று சண்டைக்கு வந்தார்.
வீட்டுக்குப் போய் நன்றாக நித்திரை கொண்டேன்.

புதன் காலை ஆறு மணிக்கு அழைப்பு.
"எல்லாம் பூச்சியம், தங்கச்சி.
நேத்தைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போகேல்லையாம்."

கணக்கை உனக்குப் பக்கத்தில் வை என்று
நான்தான் சொல்லியிருந்தேன்.
வைத்திருக்கிறது.
ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும்
ஒரு தற்காலிகக் கோப்புறையில் இறங்கி அவிழ்கிறது,
மூடும்போது
இருந்த இடத்தைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போகிறது.
இப்படி ஒரு விருந்தாளி யாருக்குக் கிடைக்கும்!
என் மேசையில் அது அவிழ்ந்ததே இல்லை;
அதனால் துடைத்ததும் இல்லை.

எமில்டாக்கா லாச்சியைத் திறந்தா.
நீல மட்டை சீஆர் கொப்பி.
செவ்வாய், திங்கள், வெள்ளி,
கறுப்புப் பெட்டி கண்ணடித்த முதல் நாள்கூட,
எல்லாம் பேனையில்.
"நீர் திருத்துவீர் எண்டு தெரியும்.
எப்ப எண்டுதான் தெரியாது."

கணக்குக் கோப்பை டி டிரைவுக்கு மாற்றினேன்.
அவ வாசிக்க வாசிக்க நான் தட்டினேன்.
விளைமீன் ஒன்பதரை.
திருக்கை நாலு.
யூட்தாசனுக்கு ஒற்றும் போட்டேன்.

சேமி. மூடு. திற.
இருந்தது.

இன்னொருதரம் மூடச் சொன்னா,
திறக்கச் சொன்னா,
எண்ணிப் பார்த்துவிட்டு
பேனையை மூடாமல்
இன்றைய திகதியைக் கொப்பியில் எழுதினா.